அந்த அம்பது என் கையெழுத்து

புதன்கிழமை, பதினொன்னாம் தேதி

என் பெரிய மகளுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, கால் வீக்கம் வத்தி, வார்டுல யார்கிட்டயும் ஒரு சொல் வாங்காம இருக்கணும், அதுதான் நான் தினம் கேட்டுக்கிறது. இங்கே நாங்க மூணு பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாம நடமாடிக்கிட்டு இருக்கோம், உங்க அப்பாவுக்கு அந்தக் கால் மட்டும் குளிர் வந்தா இழுக்குது, மத்தபடி உடம்புக்குக் குறை இல்லை. நல்ல சேதி இதோட முடிஞ்சுபோச்சு. உன்னோட வேலை பார்க்கிற அந்த ஒல்லி நர்ஸம்மா லீவு முடிஞ்சு நாளைக்குக் கிளம்புறாங்க, அவங்க கையில இதைக் கொடுத்து விடுறேன், சனிக்கிழமைக்குள்ள உன்கிட்ட சேர்த்துடுறேன்னு சொல்லியிருக்காங்க. அப்படி ஃபோன்ல சொல்ல முடியாத விஷயம் என்னன்னு நீ கேட்பே. சொல்ல முடியாதும்மா. ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் உன் தம்பி என் தோளை உரசிக்கிட்டு நிக்கிறான், வீடோ ரெண்டே ரூமு, இந்த ரூமுல இருமினா அந்த ரூமுல இருந்து தண்ணி கொண்டு வருவாங்க. இப்பவும் அவன் காலேஜுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத்தான், தைக்க வந்த துணியை ஒதுக்கிட்டு மெஷின் பலகை மேலயே வச்சு எழுதுறேன், எழுத்து கோணி இருந்தா பொறுத்துக்கோ.

போன ஞாயித்துக்கிழமை எல்லாம் நல்லாப் போகுதுன்னு உன்கிட்ட சொன்னேனே, அது பொய். அதுக்கு முந்தின வாரம் சொன்னதும் பொய். உன் தம்பிக்குக் கடைசிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கொடுக்கலை. அவன் காலேஜ்ல சேர்ந்ததே செல்லாதுன்னு யூனிவர்சிட்டியில எழுதிட்டாங்க. பரீட்சை அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி ஆரம்பம். அதை எழுத விடலைன்னா மூணு வருஷப் படிப்பும் குப்பை, டிகிரியும் இல்லை, இங்கே படிச்சான்னு காட்டிக்க ஒரு துண்டுத் தாள் கூடக் கிடையாதாம். டிப்ளமோ படிச்சவங்க நேரா இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷத்துல சேரலாம்னு ஒரு வழி இருக்குல்ல, அதுலதானே இவன் சேர்ந்தான். அப்படிச் சேர டிப்ளமோவில நூத்துக்கு அம்பது எடுத்திருக்கணும். எந்த அம்பதுங்கிறதுலதான் இப்ப சண்டை. மூணு வருஷ மார்க்கையும் கூட்டிப் பார்க்கணும்னு யூனிவர்சிட்டி சொல்லுது, கடைசி ரெண்டு வருஷம் பார்த்தாப் போதும்னு காலேஜ் சொல்லிச்சு, ஒரே தாளை ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து வச்சுப் படிக்கிறாங்க. காலேஜ் பேச்சை நம்பிச் சேர்ந்தவங்க பன்னெண்டு பேரு. சேர்க்கும்போது ஒருத்தரும் வாயைத் திறக்கலை. பாடம் நடத்தினாங்க, பரீட்சை வச்சாங்க, மார்க் போட்டாங்க, இப்ப டிகிரி கொடுக்கிறதுக்கு ஃபைலைப் புரட்டுற நேரத்துல ஞானம் வந்திருக்கு. ஒரு திங்கக்கிழமை காலையில நோட்டீஸ் போர்டுல பன்னெண்டு நம்பரை ஒட்டிட்டாங்க. உன் தம்பிக்குக் கடைசி ரெண்டு வருஷம் மட்டும் பார்த்தா அம்பத்தி நாலு. முதல் வருஷத்தையும் சேர்த்தா நாப்பத்தொன்பது புள்ளி ஆறு. அந்த முதல் வருஷம்தான் கோடவுன்ல மூட்டை சரிஞ்சு உங்க அப்பா கால் நசுங்கி ரெண்டரை மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தது. நீ உன் நர்ஸிங் பரீட்சையில இருந்தே, நான் மெஷினை விட்டு எழுந்தா அடுப்பு எரியாது, ராவும் பகலும் அவர் கட்டிலுக்குப் பக்கத்துல கிடந்தவன் அவன்தான். அந்த வருஷம் அவன் பாஸ் ஆனதே பெரிசு. அதை எழுத எந்த ஃபாரத்துலயும் இடம் விடலை.

இனிமே எழுதப் போறதை உட்கார்ந்து படி. அந்த ஃபாரத்துல மார்க்கை எழுதினது நான். அவன் அப்ப டிப்ளமோ முடிச்ச கையோட வெளியூர் ஃபேக்டரியில லேத்துல நின்னுக்கிட்டு இருந்தான், வாரம் ஒரு நாள்தான் வருவான், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை வந்தவன் பேரு விலாசம் எல்லாம் அவனே எழுதி, கையெழுத்தும் போட்டு, மொத்த மார்க்ஷீட்டு இன்னும் வரலைம்மா, வந்ததும் அந்த ஒரு இடத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்துடுன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டான். வியாழக்கிழமை மார்க்ஷீட்டு வந்துச்சு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். மூணு வருஷ மொத்த சதவீதம்னு போட்டு பக்கத்துல ரெண்டே ரெண்டு கட்டம், புள்ளி வைக்கக் கூட இடம் இல்லை. நாப்பத்தொன்பது புள்ளி ஆறு எப்படி ரெண்டு கட்டத்துல அடங்கும், நீயே சொல்லு. இருபத்தெட்டு வருஷமா அளவு நாடாவைப் பிடிச்ச கைடி இது. இடுப்பு இருபத்தொன்பதரை இருந்தா நோட்டுல முப்பதுன்னுதான் எழுதும். கூட இருந்தா உள்ளே பிடிச்சுத் தைச்சுக்கலாம், குறைஞ்சுபோனா துணியே வீணு, உனக்குக் கவுன் தைச்ச காலத்துல இருந்து அப்படித்தான். ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கலை. அம்பதுன்னு எழுதிட்டேன். ஏமாத்தணும்னு எழுதலை. கடைசி ரெண்டு வருஷம்தான் பார்ப்போம்னு காலேஜ்லயே சொன்னதால இந்தக் கட்டம் சும்மா பேருக்குன்னு நினைச்சேன். மார்க்ஷீட்டு நகலையும் கூடவே சேர்த்துத்தான் கொடுத்தேன், அதுல நாப்பத்தொன்பது புள்ளி ஆறுன்னு அச்சுல இருக்கு, திருடணும்னு நினைக்கிறவ அதைக் கொண்டுபோய் அவங்க கையிலயே கொடுப்பாளா. சட்டைக்கு அளவு எழுதுற மாதிரி என் பிள்ளைக்கும் எழுதிட்டேன், பாவி.

போன மாசம் விசாரணைக் குழுன்னு மூணு பேர் உட்கார்ந்தாங்க. பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா உள்ளே கூப்பிட்டாங்க, பெத்தவங்க எல்லாம் வெளியே பெஞ்சுல. நாலு நாள் கழிச்சு முடிவு வந்துச்சு. பதினோரு பேர் பரீட்சை எழுதலாம். அவங்க ஃபாரத்துல நாப்பத்தாறு, நாப்பத்தேழு, நாப்பத்தெட்டுன்னு உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாங்களாம், தெரிஞ்சே சேர்த்தது காலேஜோட தப்பு, அதுக்குப் பிள்ளைங்களைத் தண்டிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. நியாயம்தான், நான் ஒண்ணும் சொல்லலை, அதுங்களும் பெத்த பிள்ளைங்கதானே. ஆனா பன்னெண்டாவது ஆளு, அம்பதுக்கு அரை மார்க் கூடக் குறையாதவன், அவன் மட்டும் வெளியே. இல்லாத மார்க்கைக் காட்டி உள்ளே வந்தவன்னு எழுதிட்டாங்க. நாப்பத்தாறு எடுத்த அவன் சிநேகிதன் நெட்டை உள்ளே, நாப்பத்தொன்பது எடுத்த இவன் வெளியே. நான் நாப்பத்தொன்பதுன்னு எழுதித் தொலைச்சிருந்தா இன்னைக்கு இவனும் அவங்களோட உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருப்பான். அரை மார்க்குக்கும் கீழே கூட்டி எழுதினதால தோத்துப்போனவனை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கியா. அந்தத் தாளை எனக்குப் படிச்சுக் காட்டினப்புறம் வீட்டுக்கு எந்த பஸ்ல வந்தேன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் இல்லை.

அதோட நின்னிருந்தாலும் நானே போய்க் கால்ல விழுந்து சொல்லியிருப்பேன். விசாரணை அன்னைக்கு உள்ளே அந்த ஃபாரத்தை அவன் முன்னாடி நீட்டி, இந்த நம்பரை யாரு எழுதினதுன்னு கேட்டிருக்காங்க. அதுவரைக்கும் அவன் அந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை. என் அஞ்சு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும், தொப்பி தனியா தொப்பை தனியா நிக்கும், சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் அதை வச்சுக் கேலி பண்ணிச் சிரிப்பீங்க. பார்த்ததும் அவனுக்குப் புரிஞ்சிருக்கும். நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டான். சொன்னதோட இல்லாம எழுதியும் கொடுத்து கையெழுத்தும் போட்டுட்டு வந்துட்டான். வீட்டுல மூச்சு விடலை. பத்து நாள் கழிச்சு பேன்ட்டைத் தளர்த்திக்க வந்த நெட்டைதான், இவன் ஏன் போய் நான்தான்னு ஒத்துக்கிட்டான்னு யாருக்கும் புரியலைன்னு வாய் தவறிச் சொன்னான். தோண்டித் துருவிக் கேட்டப்புறம் மீதியும் வந்துச்சு. உள்ளே போறதுக்கு முன்னாடி காலேஜ் கிளார்க், அந்தக் கூலிங் கிளாஸ் ஆசாமி, ஃபாரத்தை வேற யாராவது எழுதியிருந்தா எழுதினவங்க மேல போலீஸ் கேஸ் ஆகும்னு பசங்க காதுல ஓதியிருக்கார். ஏன் ஓதினார்னு எனக்கு நல்லாவே தெரியும். ஃபாரத்தையும் மார்க்ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்து சரின்னு முத்திரை குத்தினவர் அவர். பார்க்காமலே குத்தினது வெளியே வந்தா அவர் வண்டவாளம் தெரிஞ்சுபோகும். பையனே தப்பை ஒத்துக்கிட்டா கதை அங்கேயே முடிஞ்சுது பாரு. அன்னைக்குச் சாயந்திரம் உன் தம்பி வந்ததும் கேட்டேன். விடும்மா, கையெழுத்துப் போட்டது நான்தானே, உன்னை யாரும் நிக்க வச்சுக் கேள்வி கேட்க வேண்டாம்னு செருப்பைக் கழட்டிக்கிட்டே சொல்றான். அடிச்சேன். இருபத்திரண்டு வயசுப் பிள்ளையைக் கையில இருந்த ஸ்கேலால அடிச்சேன். அவன் நகரக் கூட இல்லை. அப்புறம் நான்தான் உட்கார்ந்து அழுதேன், அவன் தண்ணி கொண்டு வந்து கொடுத்தான்.

வீடு இப்ப எப்படி இருக்குன்னு கேட்காதே. உங்க அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போறார், வர்றார், சாப்பிடுறார், சுவரைப் பார்த்து உட்கார்றார். ஒரு நாள் வாயைத் திறந்தார், லேத்து எங்கேயும் ஓடிடலை, திரும்பப் போய் நிக்கட்டும்னார். அவன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான், சரிப்பான்னு சொல்லிட்டு வெளியே போனான். எனக்கு அந்தச் சரிதான் தாங்கலை. அவன் கத்தினா நான் திருப்பிக் கத்துவேன், மனசு ஆறும், இவன் என்ன சொன்னாலும் சரிங்கிறான். தினம் காலையில குளிச்சு, சட்டை போட்டு, ஐடி கார்டை மாட்டிக்கிட்டு காலேஜ் கேட்டு வரைக்கும் போறான், உள்ளே விட மாட்டாங்க, எதிர்ல இருக்கிற ஜெராக்ஸ் கடையில நின்னு மத்தவங்க நோட்டை நகல் எடுத்துக்கிட்டு வர்றான். ஹால் டிக்கெட் வந்தா படிக்க நேரம் இருக்காதேம்மாங்கிறான். அவன் நம்பிக்கிட்டு இருக்கான். நான் அவன் முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியாம அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன். வேலையும் ஓடலை. மேலத்தெரு டீச்சர் சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையாத் தைச்சு வச்சிருக்கேன், அவங்க போட்டுப் பார்த்துட்டு, என்னக்கா என்னைக் கைகட்டி நிக்க வச்சுட்டீங்களேன்னு சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அவங்க போனதும் கதவைச் சாத்திக்கிட்டேன். தூக்கம் வர்றதில்லை. உனக்கு இதையெல்லாம் எழுதக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், நீ அங்கே தனியா என்ன பண்ணுவே. ஆனா இப்ப உன்னை விட்டா எனக்கு வேற ஆள் இல்லை.

போன வியாழக்கிழமை வீட்டுல யாருக்கும் சொல்லாம, அந்தப் பன்னெண்டு பேருக்கும் பேசின வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். நல்ல மாதிரி, உட்கார வச்சுக் கேட்டாங்க. போலீஸ் கேஸுன்னு சொன்னது வெறும் பூச்சாண்டி, அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா கவனக்குறைவுன்னு எழுதி இவனையும் விட்டிருப்பாங்கன்னு அவங்க சொன்னப்போ எனக்கு அந்த நாற்காலியிலயே உயிர் போனா நல்லா இருக்கும்னு தோணிச்சு. இன்னும் ஒரே ஒரு வழி இருக்காம். மறுபடி பார்க்கணும்னு மனு போட்டிருக்காங்க, வர்ற மூணாம் தேதி குழு கூடுது, அதோட கதவைச் சாத்திடுவாங்க. நான் வந்து சொல்றேன்னேன். அதுக்கு அவங்க, எந்த அம்மாதான் வந்து நான் எழுதினேன்னு சொல்ல மாட்டா, அதுவும் பையன் நான்தான்னு எழுதிக் கொடுத்தப்புறம் யாரு நம்புவான்னாங்க. ஓடிப்போய் என் அளவு நோட்டை எடுத்துக்கிட்டு வந்து காட்டினேன். பாருங்க, இந்த முப்பதைப் பாருங்க, இந்த அம்பதைப் பாருங்க, நான் எல்லாத்தையும் கூட்டித்தான் எழுதுவேன்னேன். அவங்க ஒவ்வொரு பக்கமாப் புரட்டினாங்க. எனக்குப் புரியுதும்மா, ஆனா இதை நீங்க நேத்து உட்கார்ந்து எழுதலைன்னு நான் எப்படிச் சொல்லுவேன், அந்த நாள்லயே எழுதினதுன்னு வேற யாரோ தேதி அடிச்ச தாள் ஒண்ணு வேணும்னாங்க. அப்படித் தாளுக்கு நான் எங்கே போவேன்னு புலம்பிக்கிட்டே பஸ்ஸுக்கு நின்னேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல போஸ்ட் ஆபீஸ். அதைப் பார்த்ததும்தான் பொறி தட்டுச்சு.

அந்த வெள்ளிக்கிழமை ஃபாரத்தைக் கொடுத்துட்டு வெளியே வந்தவ நேரா காலேஜுக்கு எதிர்ல இருந்த போஸ்ட் ஆபீஸுக்குள்ளதான் போனேன். நீ அங்கே வேலைக்குப் போய் அப்ப ஏழெட்டு மாசம் இருக்கும், உனக்கு எழுதி நாளாச்சேன்னு ஒரு நீலத் தாள் வாங்கினேன், உள்ளே எழுதி அப்படியே மடிச்சு ஒட்டினா அதுவே கவராகிடுமே, அந்தத் தாள். அங்கே கயித்துல கட்டி வச்சிருந்த பேனாவால நின்னுக்கிட்டே எழுதி, என் கண்ணு முன்னாடியே முத்திரை குத்தி வாங்கிட்டு வந்தேன். அதுல எழுதியிருக்கேன்டி. தம்பி ஃபாரத்தைக் கொடுத்துட்டேன், நாப்பத்தொன்பது புள்ளி ஆறு இருந்துச்சு, ரெண்டு கட்டம்தான் விட்டிருந்தாங்க, நம்ம அளவு நோட்டு வழக்கப்படி அம்பதுன்னு போட்டுட்டேன், அவனுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கேன். வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம், விஷயம் இதுதான். திரும்ப ஓடிப்போய் வக்கீலம்மாகிட்ட சொன்னேன். அவங்க எழுந்தே நின்னுட்டாங்க. அந்தத் தாள் மட்டும் கையில வரட்டும், அம்பதும் அதுல இருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு, அன்னைக்குத் தேதி முத்திரையும் இருக்கு, பையனுக்குத் தெரியாதுங்கிறதும் இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்னாங்க. நகல் வேண்டாம், அசல்தான் வேணும்னாங்க. இத்தனை நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் நான் ஒரு வாய் சோறு ருசி தெரிஞ்சு சாப்பிட்டேன்.

ராத்திரி படுத்தப்புறம்தான் மீதி ஞாபகம் வந்துச்சு. அந்தத் தாளில் நான் வேற என்ன எழுதியிருக்கேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா. எனக்கு ஒவ்வொரு வரியும் ஞாபகம் இருக்கு. இவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் ஏறாது, மூளை இருந்ததை எல்லாம் உனக்கே கொடுத்துட்டேன், இவனுக்கு மிச்சம் வைக்கலைன்னு எழுதியிருக்கேன். ஒரே வருஷத்துல திரும்பி வந்து லேத்துலதான் நிப்பான், அக்கம்பக்கத்துல கேட்டா என் பையனும் இன்ஜினியரிங்னு ஒரு வருஷமாவது சொல்லிக்கலாம்னுதான் சேர்க்கிறேன்னு எழுதியிருக்கேன். அன்னைக்கு என்ன எரிச்சல்ல இருந்தேனோ, கால் கடுக்க ரெண்டு மணி நேரம் வரிசையில நின்ன எரிச்சலோ, தெரியலை. இல்லை, உனக்குப் பொய் எழுத மாட்டேன், அப்படித்தான் நினைச்சேன். அவன் அங்கே சேர்ந்து முதல் பரீட்சையில அறுபத்தொன்பது எடுத்துக்கிட்டு வந்து நின்னப்போ யாரைப் பார்த்துடா எழுதினேன்னு கூடக் கேட்டேன். அடுத்த தடவை எழுபத்தி நாலு. அப்புறம்தான் என் பிள்ளையை நான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள அந்தத் தாள் உன்கிட்ட வந்து சேர்ந்துடுச்சு. புதுசா எந்தத் தாள் கொடுத்தாலும் குழு அதைப் பையன் முன்னாடி முழுசா வாசிச்சுக் காட்டுமாம், வாசிச்சுட்டு இது சரியான்னு அவனைக் கேட்குமாம். மூணு அந்நிய ஆளுங்க முன்னாடி அவன் அதைக் கேட்டுக்கிட்டு நிக்கணும். என்னைக் காப்பாத்த நான்தான் எழுதினேன்னு சொன்ன பிள்ளை, நான் அவனைப் பத்தி என்ன எழுதினேன்னு கேட்கணும்.

நீ ஒரு காரியம் பண்ணுவேன்னு எனக்குத் தெரியும், அதனால முன்னாடியே சொல்லிடுறேன். அந்த வரிகளை மை போட்டு மறைக்காதே. கீழ்ப்பாதியை வெட்டிட்டு மேல்பாதியை அனுப்பாதே. முத்திரை அதே தாளோட முதுகுல இருக்கு, வெட்டினா செல்லாமப் போயிடும், ஒரு சொட்டு மை புதுசா விழுந்தாலும் இதுவும் பொய்ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அப்படியே அனுப்பு. அவன் கேட்டா கேட்கட்டும். என்கிட்ட ஒரு வருஷம் பேசாம இருக்கட்டும், பத்து வருஷம் பேசாம இருக்கட்டும், நான் பொறுத்துக்குவேன். பரீட்சை எழுதிட்டு வந்து என்னை என்ன வேணாலும் கேட்கட்டும். அந்த நர்ஸம்மா உன்கிட்ட இதைக் கொடுத்த அன்னைக்கே உன் பெட்டி, அலமாரி, மெத்தைக்கு அடி எல்லாத்துலயும் தேடு. கிடைச்சா இருக்கிறதுலயே வேகமா வந்து சேர்ற கூரியர்ல வக்கீலம்மா விலாசத்துக்கு அனுப்பு, வீட்டுக்கு அனுப்பாதே, விலாசம் இதுக்குள்ளேயே தனித் துண்டுல வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை கூப்பிடும்போது அவன் பக்கத்துலதான் நிப்பான், வெளிப்படையா ஒண்ணும் சொல்லாதே. தாள் இருந்தா அங்கே மழை பெய்யுதுன்னு சொல்லு. இல்லைன்னா வெயில்னு சொல்லு. நான் அழாம ஃபோனை வைக்கப் பார்க்கிறேன்.

மத்தவங்க டியூட்டியை எல்லாம் இழுத்துப் போட்டுக்காதே, நின்னு நின்னுதான் உன் கால் இப்படி ஆச்சு. லீவு போட்டுட்டு ஓடி வர்றேன்னு நிக்காதே, நீ வந்து ஆகப்போறது ஒண்ணும் இல்லை, அந்தத் தாள் வந்தாப் போதும். நீ தீர்க்காயுசா, கையில தொழிலோட, யாருக்கும் தலை குனியாம நல்லா இருக்கணும், உன் கையால தொட்டவங்க எல்லாம் எழுந்து நடக்கணும், இது அம்மா வயிறார வாழ்த்துறது. வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்குது, அவன்தான், மடிச்சாகணும். ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு, இவ்வளவு நேரமும் அதை எழுதத்தான் கை வராம சுத்திச் சுத்தி எழுதிக்கிட்டு இருந்தேன். அந்தத் தாளில் கடைசி வரியா, இதைத் தம்பி என்னைக்காவது பார்த்துடப் போறான், படிச்சதும் கிழிச்சுப் போட்டுடுன்னு எழுதியிருந்தேன். பொறந்ததுல இருந்து நீ என் சொல்லைத் தட்டினதே இல்லை, பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் அதைச் சொல்லித்தான் பெருமைப்பட்டிருக்கேன். அந்த ஒரு தடவை மட்டும் நீ என் பேச்சைக் கேட்காம இருந்திருக்கணும், என் கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா